சேல்ஸ் ஆப்ல யாருக்கு லாபம்?

மாசக் கடைசி வாரத்துல ஒரு சேல்ஸ்காரரைப் பிடிச்சு "உங்க கம்பெனி ஆப் எப்படிங்க இருக்கு"ன்னு கேட்டுப் பாருங்க, அவர் சொல்றதை இங்க எழுத முடியாது. அதே ஆளை மாசம் பொறந்து அஞ்சாறு நாள்ல டீக்கடைல வச்சு நிதானமா கேட்டா "அந்த ஆர்டர் போடுற ஸ்கிரீன் மட்டும் நல்லாருக்குங்க, மத்ததெல்லாம் ஆபீஸ்காரங்களுக்காகப் பண்றது"ம்பாரு. சாஃப்ட்வேர் விக்கிறவங்க போட்டுக் காட்டுற பிபிடி முழுக்கத் தேடினாலும் கிடைக்காத விஷயம் இந்த ஒரு பதில்ல இருக்கு.

திண்டுக்கல்ல மச்சான் ஒருத்தர் ஏஜென்சி வச்சிருக்காரு, நாலஞ்சு கம்பெனி சரக்கு, பசங்க சிலர் லைன் போறாங்க, அதாவது கடை கடையா ஆர்டர் எடுக்கப் போறாங்க. "ஆளாளுக்கு ஒரு சாஃப்ட்வேர் பேர் சொல்றானுங்க மாப்ள, எதைத்தான் வாங்குறது"ன்னு கேட்டாரு. போன்ல சொல்ல ஆரம்பிச்சேன், பாதிலயே அவருக்கு லோடு வந்துடுச்சு, அப்புறம் பேசுறேன்னு வச்சுட்டாரு, அதான் இங்க எழுதிடலாம்னு. நான் முதல்ல மதுரை பக்கம் எஃப்எம்சிஜி (சோப்பு, பேஸ்ட் மாதிரி தினசரிச் சரக்கு) லைன், அதுக்கப்புறம் கோயம்புத்தூர்ல ஒரு பம்ப்செட் கம்பெனி சேல்ஸ். முதல் வேலைல ஒரே நாள்ல 40 கடை ஏறி இறங்கணும், ரெண்டாவதுல ஒரே ஆர்டருக்கு மாசக்கணக்கா நடக்கணும். ரெண்டு இடத்துலயும் "சேல்ஸ் டெக்னாலஜி"ன்னு ஒரே பேரைத்தான் சொன்னாங்க, ஆனா உள்ள இருக்குற சாமான் வேற வேற. எந்த சாமானா இருந்தாலும் நான் கேக்குறது ஒரே கேள்விதான்: வெயில்ல நின்னு அதுல டைப் பண்றவனுக்கு என்ன திரும்பி வருது?

முதல்ல ஆர்டர் ஆப். கம்பெனி பாஷைல எஸ்எஃப்ஏ, சேல்ஸ் ஃபோர்ஸ் ஆட்டோமேஷன். பிஸோம், ஃபீல்ட்அசிஸ்ட்னு பல பேர் இருக்கு, பெரிய கம்பெனிங்க சொந்தமாவே செஞ்சு வச்சிருக்கும். இதோட அருமை தெரியணும்னா அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரியணும். கார்பன் பேப்பர் வச்ச ஆர்டர் புக், நாள் பூரா எழுதிட்டு சாயங்காலம் ஏஜென்சிக்கு வந்து பில்லிங் பையன்கிட்ட கொடுக்கணும், அவன் ஒவ்வொண்ணா டேலில அடிப்பான், நம்ம கோழிக்கிறுக்கலை அவனுக்குப் படிக்கத் தெரியாது, "அண்ணே இது ஒண்ணா ஏழா"ன்னு கேப்பான், ராத்திரி ஒன்பது மணி ஆகும் கடைசி பில் பிரிண்ட் ஆக. அப்புறம் பாத்தா பாதி சரக்கு குடோன்லயே இல்ல. மறுநாள் வேன் போய் இறக்குறப்ப அண்ணாச்சி பில்லைப் பாத்துட்டு "நான் சொன்னது எங்கப்பா, சொல்லாததையெல்லாம் ஏத்திட்டு வந்திருக்க"ன்னு பாதியைத் திருப்பி விடுவாரு. திரும்பி வந்த சரக்குக்கு கிரெடிட் நோட்டு, அதுக்கு ஒரு சண்டை.

ஆப் வந்ததுல இந்தச் சங்கிலி முழுசா அறுந்துச்சு. கடைலயே அடிச்சா நேரா பில்லிங்குக்குப் போயிடும், ஸ்கீமை அதுவே கணக்குப் போட்டுக்கும். ஸ்கீம் கணக்குன்னா வெளிய இருக்குறவங்களுக்கு சாதாரணமாத் தெரியும். 12க்கு 1 ஃப்ரீ, 24 எடுத்தா 3, அதுக்கு மேல ஸ்லாப்ல ரெண்டு பர்சென்ட், ஆனா பழைய எம்ஆர்பி சரக்குக்குக் கிடையாது, இதை வாயில பேசிக்கிட்டே மனசுல போடணும், தப்பாச் சொன்னா அந்தப் பணம் நம்ம சம்பளத்துல. ஒரு கடைக்கு ரெண்டு நிமிஷம் மிச்சமானாலே 40 கடைக்கு 80 நிமிஷம் வருது பாருங்க, ஒரு சேல்ஸ்காரனுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேலன்னா இன்னும் ஏழெட்டுக் கடை, இல்லாட்டி மதியம் உக்காந்து சாப்பிடுற சாப்பாடு.

ஆனா நேரத்தை விட எனக்குப் பெருசாத் தெரிஞ்சது வேற. திருமங்கலம் பீட்ல (லைன்காரன் வரிசையாப் போற கடைங்கதான் பீட்) ஒரு மளிகைக்கடை, காலைல பத்து மணிக்குப் போனா கூட்டம் நிக்கும், அண்ணாச்சி ஒரு கைல துவரம்பருப்பு நிறுத்துக்கிட்டே இன்னொரு கைல சில்லறை கொடுப்பாரு, நம்ம முகத்தைக்கூட ஏறிட்டுப் பாக்க மாட்டாரு. "ஒண்ணும் வேணாம் தம்பி, அடுத்த வாரம் வா". முன்னாடின்னா சரி அண்ணாச்சின்னு இறங்கிட வேண்டியதுதான். ஆப்ல கடை பேரைத் தொட்டா போன மூணு மாசம் என்ன எடுத்தாருன்னு நிக்கும். "அண்ணாச்சி, போன மாசம் பத்து ரூபா பாக்கெட் நாலு சரம் எடுத்தீங்க, இந்த மாசம் இன்னும் ஒண்ணுகூட எடுக்கல"ன்னு சொன்னா அவர் அண்ணாந்து கயித்தைப் பாப்பாரு. கயிறு காலியா இருக்கும். "அட ஆமால்ல, சரி போடு நாலு." அந்த நாலு சரத்தை வித்தது நானா ஆப்பான்னு கேட்டா, வித்தது நான்தான், ஆனா என் வாயில வார்த்தையைப் போட்டது அது. இந்த மாதிரி ஞாபகத்தைக் கைல கொடுக்குற டெக்னாலஜிக்கு எந்த சேல்ஸ்காரனும் எதிரி இல்ல.

இதுக்கு மேல ஒரு படி போய் "சஜெஸ்டட் ஆர்டர்"னு ஒண்ணு வச்சிருக்காங்க, இந்தக் கடைக்கு இன்னிக்கு இதை இவ்வளவு போடுன்னு அதுவே சொல்லும். பழைய விற்பனையோட சராசரியை வச்சு சொல்றதுதான் பெரும்பாலும். சாதாரண வாரத்துல ஓரளவு சரியா வரும். ஆனா ஆடி மாசம் ஊர்ல அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊத்துற வாரம் ஜூஸ் பாக்கெட்டும் பேப்பர் கப்பும் எப்படிப் பறக்கும்னு அதுக்குத் தெரியாது, ஒவ்வொரு ஊருக்கும் திருவிழா ஒவ்வொரு வாரம், அது எந்த டேட்டாபேஸ்லயும் இல்ல, லைன் போறவன் தலைலதான் இருக்கு. நல்ல ரெப் அந்த நம்பரை ஆரம்பமா எடுத்துக்கிட்டு மேல கீழ மாத்திக்குவான். சில கம்பெனில மாத்தவே விடாம, சொன்ன ஐட்டத்தைப் போடலன்னா மார்க் குறைப்பாங்க, அங்கதான் கடைல சரக்கு தேங்கி எக்ஸ்பைரில வந்து நிக்கும்.

இன்னொண்ணு ஸ்டாக். ஆப்ல தெரியுற ஸ்டாக் குடோன்ல நிஜமா இருக்கணும். ஏஜென்சில பில் போடுறது டேலில, ஆப் கம்பெனியோடது, ரெண்டும் ராத்திரி ஒரு தடவைதான் பேசிக்கும்னா மதியம் ரெண்டு மணிக்கு நான் பாக்குறது நேத்து ராத்திரி ஸ்டாக். எனக்கு முன்னாடி வேற லைன்காரன் எல்லாத்தையும் வித்திருப்பான். மச்சான் மாதிரி ஏஜென்சிக்காரங்க டெமோ பாக்குறப்ப கலர் கலரா கிராஃப் எல்லாம் பாத்து மயங்காம, "இங்க ஒரு பில் போடுறேன், அந்த போன்ல ஸ்டாக் எப்ப குறையுதுன்னு காட்டு"ன்னு கேக்கணும். டெமோ காட்ட வந்தவர் அந்த நேரம் பாத்து நெட் சரியில்லம்பாரு.

காசு வாங்குற பக்கமும் இதே கதைதான். முன்னாடி பை நிறைய பணத்தோட டிவிஎஸ் எக்ஸெல்ல திரியணும், ராத்திரி கணக்கு ஒப்படைக்கிறப்ப 200 ரூபா உதைக்கும், யாருக்குச் சில்லறை கூடக் கொடுத்தோம்னு ஞாபகம் வராது, சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க. 2016ல யூபிஐ வந்து, அதே வருஷம் ஜியோ டேட்டாவை மலிவாக்கி, கொஞ்ச வருஷத்துலயே கடைக்காரங்க ஏஜென்சி கணக்குக்கே நேரா அனுப்ப ஆரம்பிச்சாங்க. சேல்ஸ் டெக்னாலஜி பத்திப் பேசுற எவனும் யூபிஐயை அந்த லிஸ்ட்ல சேக்க மாட்டான். லைன் போற பையன்கிட்ட கேட்டா அதைத்தான் முதல்ல சொல்லுவான்.

அப்புறம் இன்சென்டிவ் ஸ்கிரீன். ஆப்ல இருக்குறதுலயே செய்யறதுக்கு ஈஸியான விஷயம் இதுதான்னு நினைக்கிறேன், ஆனா பல இடத்துல கடைசியாத்தான் வைக்கிறாங்க. ஜனவரில ஓடினதுக்கு மார்ச்ல ஒரு தொகை வரும், ஏன் அந்தத் தொகைன்னு ஏரியா சேல்ஸ் மேனேஜருக்கே தெரியாது, "கம்பெனில இருந்து வந்தது அவ்ளோதாம்பா"ம்பாரு. இதையே இன்னிக்குத் தேதிக்கு எவ்வளவு ஆயிருக்கு, இன்னும் பதினோரு கடைல அந்த டூத்பேஸ்ட் போட்டா அடுத்த ஸ்லாப்னு போன்ல காட்டினா, மாசக் கடைசில எந்த மீட்டிங்கும் போட வேண்டாம், எந்த வாட்ஸாப் குரூப்லயும் கத்த வேண்டாம். அவனே சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டியைத் திருப்புவான்.

இப்ப வேவு பாக்குற ரகத்துக்கு வரேன். ஜிபிஎஸ், ஜியோ ஃபென்ஸ், செல்ஃபி அட்டெண்டன்ஸ், எந்தக் கடைல எத்தனை நிமிஷம் நின்னான்ற ரிப்போர்ட். இதுல நியாயமே இல்லன்னு சொல்ல மாட்டேன். டீக்கடைல உக்காந்து 40 கடைக்கும் "விசிட்" போட்ட ஆளுங்களை நானும் பாத்திருக்கேன், அவங்களால உருப்படியா வேலை பாக்குறவனுக்குத்தான் கெட்ட பேரு. ஆனா வச்ச விதம் இருக்கே. கடைக்கு லொகேஷன் டேக் பண்றது ஒரு தடவை, அதை யாரோ பழைய பையன் தெரு முனைல டீ குடிச்சுக்கிட்டே பண்ணியிருப்பான். இப்ப நான் கடை வாசல்ல நிக்கிறேன், ஆப் "நீங்க கடைல இருந்து 180 மீட்டர் தள்ளி இருக்கீங்க"ன்னு ஆர்டரை வாங்க மாட்டேங்குது. தெரு முனைக்கு ஓடிப் போய் ஆர்டர் அடிச்சுட்டுத் திரும்பி வருவோம். அப்புறம் போலி லொகேஷன் ஆப் எதுன்னு சின்னப் பசங்க சீனியருக்கு இன்ஸ்டால் பண்ணிக் கொடுப்பாங்க, கம்பெனி அதைக் கண்டுபிடிக்க ஒரு அப்டேட் விடும், பசங்க அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிப்பாங்க.

ஆர்டர் இல்லன்னா காரணம் கேக்குற அந்த ட்ராப்டவுன் இன்னும் கூத்து. பத்துப் பன்னெண்டு காரணம் இருக்கும், முதல்ல இருக்குறது "ஓனர் கடைல இல்ல". வெயில்ல ஸ்கிரீனே தெரியாது, கைல வேர்வை, பின்னாடி பஸ்ஸு ஹாரன், எவன் கீழ வரைக்கும் தள்ளிப் படிச்சுப் பாப்பான்? எல்லாரும் முதல் வரியைத் தொட்டுட்டுப் போயிடுவாங்க. அங்க ஹெட் ஆபீஸ்ல அதை அனலைஸ் பண்ணி, இந்த ஏரியால கடை ஓனருங்க கடைலயே இருக்குறதில்ல, அதனால பீட் டைமிங்கை மாத்துங்கன்னு ஒரு மெயில் வரும். அண்ணாச்சி காலைல அஞ்சரைக்குக் கடை திறந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் கல்லாவை விட்டு எந்திரிக்காத மனுஷன். நிஜக் காரணம் போன மாசம் டேமேஜ் சரக்கை நாம திருப்பி எடுக்காததுதான், அந்தக் காரணம் லிஸ்ட்லயே கிடையாது, இருந்தாலும் எவனும் தொட மாட்டான், தொட்டா கேள்வி அவனுக்குத்தான் வரும்.

வடக்க உக்காந்து போட்ட பீட் பிளான்ல கலெக்‌ஷன் நாள் வெள்ளிக்கிழமைன்னு வந்திருந்துச்சு ஒரு தடவை. நம்ம ஊர்ல செவ்வாய் வெள்ளி கடைல இருந்து காசை வெளிய விட மாட்டாங்க, விளக்கு வச்சதுக்கப்புறம்னா சுத்தமா மாட்டாங்க. லட்சுமி வெளிய போறான்னு அவங்களுக்கு ஒரு கணக்கு. "ஜிபேல போடுங்க அண்ணாச்சி, கையால கொடுக்கலையே"ன்னு பேசிப் பாத்தேன், "எதுல போனாலும் போறது போறதுதானடா"ன்னுட்டாரு. டேஷ்போர்டுல வெள்ளிக்கிழமை தோறும் எங்க ஏரியா சிவப்பா எரியும். சித்திரைத் திருவிழா சமயத்துல மாசி வீதிங்க பக்கம் வண்டியே போக முடியாது, அப்பவும் "பீட் மிஸ்டு"ன்னு காட்டும். தேர் ஓடுதுன்னு எழுத அதுல இடம் கிடையாது.

கோயம்புத்தூர் கதை வேற. பம்ப் விக்கிறப்ப கடை கடையா ஏற வேண்டாம், ஆனா யாரு எப்ப என்ன கேட்டாங்கன்னு மறக்கக் கூடாது. இங்க ராஜா சிஆர்எம், அதாவது வாடிக்கையாளர் விவரம், பேச்சு, ஆர்டர் எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சிருக்குற சாஃப்ட்வேர். இது ஒண்ணும் புதுசில்ல, அமெரிக்கால 1993ல டாம் சீபல் ஆரம்பிச்ச சீபல் சிஸ்டம்ஸ் பெரிய கம்பெனிங்களுக்கு இதை வித்துச்சு, சர்வர், ஆளுங்க, மாசக்கணக்குல இன்ஸ்டலேஷன்னு பெரும் செலவு. 1999ல சேல்ஸ்ஃபோர்ஸ் வந்து பிரவுசர்லயே மாச வாடகைக்குக் கொடுத்தாங்க. 2005ல சீபலை ஆரக்கிள் வாங்குறதா அறிவிச்சுது, அதே 2005லதான் நம்ம சென்னை கம்பெனி, அப்ப பேரு அட்வென்ட்நெட், ஜோஹோ சிஆர்எம்மை விட்டாங்க. அப்புறம் சென்னைல இருந்து கிளம்பி 2021ல நாஸ்டாக்ல லிஸ்ட் ஆன ஃப்ரெஷ்வொர்க்ஸும் ஃப்ரெஷ்சேல்ஸ்னு ஒண்ணு வச்சிருக்கு. பீளமேட்டுல இருபது பேர் வேலை பாக்குற பவுண்டரிக்காரர்கூட இன்னிக்கு சிஆர்எம் வாங்க முடியுதுன்னா இந்த வாடகை முறைதான் காரணம்.

ஆனா வாங்குறது வேற, ஓடுறது வேற. ஒரு சீனியர் சேல்ஸ்காரர் இருந்தாரு, பொள்ளாச்சில இருந்து தாராபுரம் வரைக்கும் எந்தப் போர்வெல் கான்ட்ராக்டருக்கு எந்த மாசம் வேலை அதிகம், யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரு வீட்டுக் கல்யாணத்துக்குப் போகலன்னா ஆர்டர் போயிடும், எல்லாம் ஒரு நீல டைரில. சிஆர்எம் வந்ததும் எல்லாத்தையும் அதுல ஏத்துங்கன்னு முதலாளி சொன்னாரு. அவர் பேரும் போன் நம்பரும் மட்டும் ஏத்தினாரு, மத்ததை ஏத்தல. குத்தம் சொல்லத் தோணல எனக்கு. அந்த டைரிதான் அவரோட முதல், நாளைக்கு வேற கம்பெனிக்குப் போனா கூட எடுத்துட்டுப் போறது அதைத்தான். அதை ஏத்திட்டா முதலாளிக்கு லாபம், புதுசா வர்ற பையனுக்கு லாபம், ஏத்தினவருக்கு? சிஆர்எம் விக்கிறவங்க இதை "அடாப்ஷன் பிராப்ளம்"னு சொல்லி ட்ரெய்னிங் போடுவாங்க. அவருக்கு ட்ரெய்னிங் தேவைப்படல, அவருக்கு எல்லாம் தெளிவாத் தெரியும்.

அவர் தானாவே உள்ள வந்தது எப்பன்னா, சர்வீஸ் ஹிஸ்டரியை சிஆர்எம்ல சேத்ததுக்கப்புறம். டீலர்கிட்ட போறதுக்கு முன்னாடி அந்த டீலருக்கு எந்த மோட்டார் காயில் போச்சு, ரீவைண்டிங் பண்ணி அனுப்பியாச்சா, வாரண்டி க்ளெய்ம் எங்க நிக்குதுன்னு போன்லயே பாக்க முடிஞ்சுது. முன்னாடி உள்ள நுழைஞ்ச உடனே "அந்த ஏழரை ஹெச்பி என்னாச்சு"ன்னு டீலர் பிடிச்சுக்குவாரு, இவர் திருதிருன்னு முழிச்சுட்டு சர்வீஸ்ல கேட்டுச் சொல்றேன்பாரு, ஆர்டர் பேச்சே எடுக்க முடியாது. இப்ப இவரே முதல்ல "உங்க மோட்டார் நேத்து கிளம்பிடுச்சுண்ணா, எல்ஆர் நம்பர் வாட்ஸாப்ல போட்டிருக்கேன்"னு ஆரம்பிப்பாரு (எல்ஆர்னா லாரி ரசீது). அதுக்கப்புறம் அவர் விசிட் நோட்ஸை அவரே எழுத ஆரம்பிச்சாரு, யாரும் சொல்லல.

லீட், அதாவது வாங்க விசாரிச்சு வர்றவங்க விஷயத்துல சிஆர்எம் நிஜமாவே காசு பண்ணிக் கொடுக்கும். இண்டியாமார்ட் வெப்சைட்ல ஒரு விசாரணை வருதுன்னா அது உங்களுக்கு மட்டும் வராது, இன்னும் சில பேருக்கும் போகும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருத்தர் சப்மெர்சிபிள் வேணும்னு போடுறாரு, காலைல பத்து மணிக்கு ஆபீஸ் திறந்து மெயிலைப் பாத்துக் கூப்பிட்டா "வாங்கிட்டேங்க"ம்பாரு. ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூல 2011ல ஒரு ஆய்வு வந்துச்சு, அமெரிக்கக் கம்பெனிங்களை வச்சு. இன்டர்நெட்ல வந்த விசாரணைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள கூப்பிட்டவங்களுக்கு, அதுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் கூப்பிட்டவங்களை விட, முடிவெடுக்குற ஆளோட உருப்படியாப் பேச கிட்டத்தட்ட 7 மடங்கு வாய்ப்புன்னு. அதே கட்டுரைல 2,241 கம்பெனிக்கு விசாரணை அனுப்பிப் பாத்ததுல 23 சதவீதம் பேர் பதிலே சொல்லலயாம். பீளமேட்டுலயும் நிலைமை அதேதான். லீட் வந்த உடனே பின்கோடைப் பாத்து அந்த ஏரியா ஆள் போனுக்குத் தள்ளி, வாங்குறவருக்கு வாட்ஸாப்ல கேட்லாக் தானா போற மாதிரி பண்ணினதுல எங்களுக்குக் கிடைச்ச வித்தியாசம் வேற எந்த மாட்யூல்லயும் கிடைக்கல. மறுநாள் ஃபாலோஅப், நாலாம் நாள் ஃபாலோஅப், அதை ஞாபகப்படுத்துறது. இவ்வளவுதான் விஷயம், பேர்தான் ஆட்டோமேஷன்.

திங்கக்கிழமை ரிவ்யூக்காக நிரப்புற பைப்லைன் (கைல இருக்குற, இன்னும் முடியாத டீல் லிஸ்ட்) மட்டும் எங்க போனாலும் ஒரே நாடகம். எழுபது சதவீதம் சான்ஸ்னு ஒரு டீல் மூணு மாசமா எழுபதுலயே நிக்கும். சனிக்கிழமை ராத்திரி உக்காந்து எல்லா க்ளோசிங் டேட்டையும் மாசக் கடைசிக்குத் தள்ளி விடுவாங்க. மேனேஜர் அதைக் கூட்டி மேல அனுப்புவாரு, மேல இருக்கிறவர் அதுல கொஞ்சம் கழிச்சு இன்னும் மேல அனுப்புவாரு, ஏன்னா அவருக்கும் தெரியும்.

கூப்பிடுற, மெசேஜ் அனுப்புற ரகத்தைப் பத்தி வேகமா சொல்லிடறேன். பல்க் எஸ்எம்எஸ் காலம் கிட்டத்தட்ட முடிஞ்சுது. 2018ல டெலிகாம் ஆணையம் டிராய் கொண்டு வந்த விதியால அனுப்புறவர் பேர், மெசேஜோட டெம்ப்ளேட் எல்லாத்தையும் டிஎல்டின்ற டெலிகாம் கம்பெனிங்க பதிவுத் தளத்துல பதிவு பண்ணணும், 2021 மார்ச்ல அதைக் கறாரா அமல்படுத்தினப்ப பேங்க் ஓடிபிகூட வராம நின்னு, அப்புறம் தற்காலிகமா நிறுத்தி வச்சாங்க, ஞாபகம் இருக்கும். வாட்ஸாப் பிசினஸ் 2018ல வந்ததுல இருந்து சின்னக் கம்பெனி எல்லாம் அங்க போயாச்சு. கேட்லாக் அனுப்ப, எல்ஆர் காப்பி அனுப்ப, பேமென்ட் லிங்க் அனுப்ப அருமை. தினம் காலைல குட்மார்னிங்கோட ஆஃபர் போஸ்டர் அனுப்பினா பிளாக் பண்ணிடுவாங்க, பிளாக் பண்ணினது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஆட்டோ டயலர் லோன், இன்சூரன்ஸ் விக்கிறவங்களுக்குச் சரி. பம்ப் டீலரை மெஷின் கூப்பிட்டா அவர் அடுத்த தடவை நம்ம நம்பரையே எடுக்க மாட்டாரு.

சேல்ஸ்காரனையே தாண்டிப் போற ரகம் ஒண்ணு இருக்கு, பலர் இதைச் சேல்ஸ் டீமோட டெக்னாலஜியாவே நினைக்கிறதில்ல. கடைக்காரரே போன்ல ஆர்டர் போடுற ஆப். இந்துஸ்தான் யூனிலீவரோட ஷிகர் மாதிரி கம்பெனி சொந்தமா வச்சது ஒரு வகை, உடான், ஜியோமார்ட் பார்ட்னர் மாதிரி மொத்த வியாபார ஆப் இன்னொரு வகை. ரெண்டாவது வகைல விலை கம்மியா கிடைக்குதுன்னு கடைக்காரங்க அந்தப் பக்கம் சாய, 2021 கடைசில அகில இந்திய டிஸ்ட்ரிபியூட்டர் சங்கம் எங்களுக்கும் அதே விலை கொடுங்கன்னு கம்பெனிங்களுக்கு எழுதி, 2022 ஜனவரில இருந்து ஒத்துழைக்க மாட்டோம்னு அறிவிச்சு, மகாராஷ்டிராவுல சில சரக்கை எடுக்காமயே நிறுத்தினாங்க. முதல் வகையைப் பாத்துத்தான் லைன் பசங்க அதிகம் பயந்தாங்க, வேலை போயிடும்னு. நான் பாத்த வரைக்கும் நடந்தது வேற. வழக்கமா ஓடுற சோப்பு, பவுடரை அண்ணாச்சி மகன் ராத்திரி கடை சாத்துனதும் ஆப்ல போட்டுடுறான், மறுநாள் ரெப் போறப்ப அந்தப் பேச்சே இல்ல. புது ஐட்டம், டேமேஜ், டிஸ்ப்ளே, பாக்கி, இதைப் பேசத்தான் நேரம். அந்த ஆர்டரை ரெப்போட டார்கெட்ல சேத்துக் கொடுத்த கம்பெனில பசங்களே கடைக்காரர் போன்ல ஆப்பை ஏத்திக் கொடுத்தாங்க. சேக்காத இடத்துல "அது வேணாம் அண்ணாச்சி, ஹேங் ஆகும்"னு சொல்லிட்டு வந்தாங்க. ஒரே மாதிரி ஆப், ஒரே தெரு.

ஷெல்ஃப் போட்டோ எடுத்தா ஏஐ எண்ணிச் சொல்லும்னு ஒண்ணு ஓடுது. சூப்பர் மார்க்கெட்ல நல்லா வேலை செய்யும், வரிசையா அடுக்கியிருக்கும், லைட் இருக்கும். நம்ம மளிகைக்கடைல சரக்கு கயித்துல தொங்குது, ஒரு சரத்துக்குப் பின்னாடி இன்னொரு சரம், அதை மறைச்சு வாழைத்தார். (ஷாம்பூவை சாஷேல போட்டு இப்படித் தொங்கவிட வழி பண்ணினவரு நம்ம கடலூர் சின்னிகிருஷ்ணன், அதை விடப் பெரிய சேல்ஸ் டெக்னாலஜி இந்த நாட்டுல அதுக்கப்புறம் வந்துச்சான்னு எனக்குச் சந்தேகம்தான்.) பேசினதைக் கேட்டு விசிட் நோட்ஸை அதுவே எழுதிடும்ன்ற ஏஐ பக்கம்தான் என் நம்பிக்கை. டைப் பண்ற வேலையையே எடுத்துடுதே, நான் மேல கேட்ட கேள்விக்கு நேரான பதில் அது. இங்கிலீஷ்ல நல்லாவே வருது. "அந்தப் பதினஞ்சு ஸ்டேஜு ஏழரை என்னங்ணா ஆச்சு, காயில் போயிருச்சுங்களா"ன்னு நம்ம ஆளுங்க பேசுறதைப் போட்டுப் பாத்தா பம்போட ஸ்டேஜை நாடக மேடையாக்கிடுது. சரியாயிடும்னு நினைக்கிறேன், வேகமாத்தான் போயிட்டிருக்கு.

அப்புறம் மறுபடி பேசுறப்ப மச்சானுக்கு நான் சொன்னது இதுதான். முதல்ல பில்லிங்கோட உடனுக்குடனே பேசுற ஆர்டர் ஆப், அதுல பாக்கியும் ஸ்கீமும் தெரியணும், நெட் இல்லாத கிராமத்துலயும் ஆர்டர் விழணும். ஏஜென்சி வருஷ வியாபாரம் 5 கோடியைத் தாண்டிட்டா இ-இன்வாய்ஸ் கட்டாயம், 2023 ஆகஸ்ட்ல இருந்து அப்படித்தான், அதனால அதையும் பில்லிங்லயே போட்டுக்கணும். இன்சென்டிவ் ஸ்கிரீன் இல்லாத ஆப்னா வேண்டாம். ஜிபிஎஸ் வேணும்னா வச்சுக்கோங்க, ஆனா முதல் மூணு மாசம் அதை வச்சு எவனையும் திட்டாதீங்க, லொகேஷனை எல்லாம் சரியா டேக் பண்ணி முடிக்கட்டும். சிஆர்எம் இப்ப உங்களுக்குத் தேவையில்ல. டெமோவுக்கு வர்றவன் முன்னாடி நீங்க உக்காராதீங்க, லைன் போற பசங்கள்ல மூத்தவனையும் ஒரு சின்னப் பையனையும் உக்கார வைங்க, வெயில்ல கொண்டு போய் ஸ்கிரீனைப் பாக்கச் சொல்லுங்க. அவர் எல்லாத்தையும் கேட்டுட்டு, "அது சரி மாப்ள, கம்பெனிக்காரன் எட்டு மாசமா க்ளெய்ம் தராம இழுத்தடிக்கிறானே, அதுக்கு ஏதாவது சாஃப்ட்வேர் இருக்கா"ன்னாரு. ஸ்கீமுக்கும் டேமேஜுக்கும் ஏஜென்சி போட்ட காசைக் கம்பெனி திருப்பித் தர்ற அந்த க்ளெய்ம் பத்தித் தனியா ஒரு போஸ்ட் எழுதணும், அது பெரிய கதை.